பிரிட்டிஷ் தொடர்களில் தொழிலாளர் தெரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனேஷன் ஸ்ட்ரீட், ஈஸ்ட்எண்டர்ஸ் மாதிரியான பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் என்னிடம் வருகின்றன. பிள்ளைகளோடு சில மாதம் தங்க லண்டனுக்கு வரும் பெற்றோர், வேலைக்காகப் புதிதாக வந்தவர்கள், ஊடகக் கல்வி படிக்கும் மாணவர்கள் எனப் பலரும் கேட்டவை இவை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். உழைத்துப் பிழைக்கும் மக்களின் தெருவை இந்தத் தொடர்கள் எப்படிக் காட்டுகின்றன, எதைக் காட்டாமல் விடுகின்றன என்பதில்தான் என் அக்கறை. நடிகர்களின் சொந்த வாழ்க்கைச் செய்திகள் இங்கே கிடையாது.

இந்த கொரோனேஷன் ஸ்ட்ரீட், ஈஸ்ட்எண்டர்ஸ் எல்லாம் என்ன? நம்ம மெகா சீரியல் மாதிரியா?

முடிவே இல்லாமல் ஓடுகிற வகையில் ஆமாம். கொரோனேஷன் ஸ்ட்ரீட் 1960 டிசம்பர் 9 அன்று தொடங்கியது. மான்செஸ்டரிலிருந்து இயங்கிய கிரனாடா நிறுவனம் ஐடிவி அலைவரிசைக்காகத் தயாரித்தது. எழுதிய டோனி வாரனுக்கு அப்போது வயது 24. முதலில் 13 அத்தியாயங்களுக்குத்தான் அனுமதி கிடைத்தது, இன்றுவரை ஓடுகிறது. கதை நடப்பது வெதர்ஃபீல்ட் என்ற கற்பனை ஊரில். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்ட்தான் அதன் அச்சு. பிபிசியின் ஈஸ்ட்எண்டர்ஸ் 1985 பிப்ரவரி 19 அன்று தொடங்கியது. ஜூலியா ஸ்மித், டோனி ஹாலண்ட் இருவரும் உருவாக்கியது. கிழக்கு லண்டனில் இருப்பதாகச் சொல்லப்படும் வால்ஃபோர்டு என்ற பகுதியின் ஒரு சதுக்கம்தான் அதன் களம்.

நம் தொடர்களோடு ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்மிடம் கதை ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். இங்கே கதை தெருவுக்குச் சொந்தம். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகலாம், கதாநாயகியே செத்துப்போகலாம். அந்த வீட்டுக்கு வேறொருவர் குடிவருவார், தொடர் நிற்காது.

அமெரிக்க சீரியல்ல எல்லாம் மாளிகை, டாக்டர், எண்ணெய்க் கம்பெனி முதலாளி. பிரிட்டன்ல மட்டும் ஏன் தொழிலாளித் தெரு?

பிரிட்டனிலும் முதலில் அப்படி இல்லை. 1948-ல் பிபிசி வானொலியில் தொடங்கிய புகழ்பெற்ற தினசரித் தொடர் ஒரு டாக்டரின் மனைவி எழுதும் நாட்குறிப்பாகத்தான் அமைந்தது. வசதியான வீடு, பண்பட்ட பேச்சு. வடக்கு இங்கிலாந்துத் தொழிலாளியின் பேச்சு வழக்கு ஒலிபரப்பில் பெரும்பாலும் நகைச்சுவைக்குத்தான் பயன்பட்டது.

1950-களின் கடைசியில் காற்று மாறியது. நாடகம், நாவல், திரைப்படம் என எல்லாவற்றிலும் தொழிலாளர் வீட்டுச் சமையலறை நுழைந்தது. 1957-ல் ரிச்சர்ட் ஹோகார்ட் என்ற அறிஞர், தான் பிறந்து வளர்ந்த லீட்ஸ் நகரத் தொழிலாளர் பகுதியின் வாழ்க்கையைக் கண்ணியத்தோடு எழுதிய புத்தகம் வெளிவந்தது. அதே ஆண்டு மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் இருவரும் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் குடும்பங்களை நேரில் ஆராய்ந்து எழுதினார்கள். கிரனாடா நிறுவனமோ வடக்கு இங்கிலாந்துக்கான உரிமத்தில் இயங்கியது; அந்தப் பகுதியின் குரல் அதற்குத் தேவைப்பட்டது. சால்ஃபோர்டை அடுத்த பெண்டில்பரியில் பாட்டிகளும் அத்தைகளும் பேசுவதைக் கேட்டு வளர்ந்த டோனி வாரனிடம் அந்தக் குரல் இருந்தது. நேரம் கூடிவந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் எபிசோட்ல அப்படி என்ன இருந்தது, எல்லாரும் இவ்வளவு பெருமையா சொல்றாங்க?

பார்லோ குடும்பத்தின் சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். அப்பா ஃபிராங்க் தபால் துறையில் வேலை செய்கிறார். மூத்த மகன் கென் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். மேசைமேல் சாஸ் பாட்டில் இருக்கிறது, அப்பா சாப்பாட்டோடு தேநீர் குடிக்கிறார். மகனின் முகம் சுளிக்கிறது. அதை அப்பா பார்த்துவிடுகிறார். அன்று மாலை கென் தன் கல்லூரித் தோழியை இம்பீரியல் ஓட்டலுக்கு அழைத்துப் போக நினைக்கிறான். அம்மா வேலை செய்வது அதே ஓட்டலில்தான். அப்பா ஒரேயடியாக முடியாது என்கிறார். கடைசியில் அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். அப்பாவும் தம்பியும் கூடத்தில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளையைப் படிக்கவைக்கும் ஏழை வீட்டில் பாசமும் பெருமையும் அவமானமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிட்டார் வாரன். வில்லன் கிடையாது, பின்னணி இசை முழங்கவில்லை. மகன் பக்கமும் நியாயம், அப்பா பக்கமும் நியாயம். 60 ஆண்டுகளைத் தாண்டியும் இந்தத் தொடர் இதைவிடச் சிறப்பாகச் செய்த காட்சிகள் மிகக் குறைவு என்பது என் கருத்து.

அந்தத் தெரு நிஜமாவே இருக்கா? போய்ப் பார்க்கலாமா?

நிஜத் தெரு இல்லை. சால்ஃபோர்டின் ஆர்ட்சால் பகுதியில் இருந்த ஆர்ச்சி ஸ்ட்ரீட்தான் மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அது 1971-ல் இடிக்கப்பட்டது. 1958 மியூனிக் விமான விபத்தில் இறந்த மான்செஸ்டர் யுனைடெட் வீரர் எட்டி கோல்மன் அந்தத் தெருக்காரர் என்பதைக் கால்பந்துப் பிரியர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

படப்பிடிப்புக்காகக் கட்டிய தெரு இப்போது ட்ராஃபர்டில், சால்ஃபோர்டின் ஊடக வளாகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். ஈஸ்ட்எண்டர்ஸின் ஆல்பர்ட் சதுக்கம் லண்டனுக்கு வடக்கே போரம்வுட்டில், எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு வளாகத்துக்குள் இருக்கிறது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதற்கு மாதிரியாக இருந்த டால்ஸ்டனின் ஃபாசெட் சதுக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் அங்கே இன்று வீடு வாங்க ஒரு சந்தைக் கடைக்காரரால் நிச்சயம் முடியாது.

எப்பப் பார்த்தாலும் பப்லயே உட்கார்ந்திருக்காங்களே, இவங்க யாரும் வேலைக்கே போக மாட்டாங்களா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் விஷயத்தின் வேரையே தொடுகிறது. போகிறார்கள். ஆனால் தெருவைவிட்டு வெளியே போவதில்லை. கொரோனேஷன் ஸ்ட்ரீட்டில் ரோவர்ஸ் ரிட்டர்ன் என்ற பப், முனைக் கடை, காப்பிக் கடை, கார் பட்டறை, வாடகைக் கார் நிலையம், ஒரு சிறிய தையல் ஆலை. ஈஸ்ட்எண்டர்ஸில் குவீன் விக் பப், சலவைக் கடை, தெருச் சந்தை. வேலைகள் எல்லாம் இவற்றுக்குள் அடங்கிவிடும். படப்பிடிப்பின் தேவை அப்படி. கட்டிவைத்த சில களங்களுக்குள் கதாபாத்திரங்கள் அடிக்கடி மோதிக்கொண்டால்தான் வாரம் முழுக்கக் கதை ஓடும். 10 மணிநேரம் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு இரண்டு பேருந்து மாறி வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிற மனிதர் கதைக்குக் கிடைக்க மாட்டார்.

இதன் விளைவு லேசானதல்ல. சால்ஃபோர்டில் அத்தனை தெருக்கள் நெருக்கமாக எழக் காரணமே துறைமுகமும் பஞ்சாலைகளும் பக்கத்து ட்ராஃபர்ட் பார்க் தொழிற்சாலைகளும்தான். கிழக்கு லண்டனில் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டவை கப்பல் துறைகளும் டேகன்ஹாம் ஃபோர்ட் ஆலையும். ஒரே ஆலைச்சங்குக்கு எழுந்து, ஒரே நாளில் கூலி வாங்கி, ஒரே நாளில் வாடகை கட்டியதால் வந்த நெருக்கம் அது. தொடர்கள் நெருக்கத்தை வைத்துக்கொண்டு, அதை உண்டாக்கிய வேலையை வெளியே நிறுத்திவிட்டன.

இன்னொன்றையும் கவனியுங்கள். பப் உரிமையாளர், கடைக்காரர், பட்டறைக்காரர், சந்தையில் காய்கறிக் கடை போட்டவர் என்று முக்கிய பாத்திரங்களில் பாதிக்கு மேல் சொந்தத் தொழில் செய்பவர்கள். முதலாளியும் தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்து வீடு, மாலையில் ஒரே பப். கூலித் தகராறு வந்தால் அது அண்டை வீட்டுச் சண்டையாக மாறிவிடும். வர்க்கம் என்ற விஷயம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

ஆங்கிலேயர்கள் பக்கத்து வீட்டுக்காரரோட பேசவே மாட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். டிவியில மட்டும் கதவைத் திறந்துகிட்டு உள்ள போறாங்களே?

ஒரு காலத்தில் தொழிலாளர் தெருக்களில் அப்படித்தான் இருந்தது. மேலே சொன்ன பெத்னல் கிரீன் ஆய்வு, கல்யாணமான பெண்கள் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்ததையும், ஏறக்குறைய தினமும் போய் வந்ததையும் விவரிக்கிறது. அம்மாதான் வாடகை வீடு பிடித்துத் தருவார், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வார், நாலு பேரிடம் சொல்லி வேலைக்கு ஏற்பாடு செய்வார். ஈஸ்ட்எண்டர்ஸின் தொடக்கத்தில் வரும் கிழவி லூ பீல், அவருடைய மகள் பாலின், பேத்தி மிஷெல் ஆகியோர் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்த்தால், அந்த ஆய்வின் பக்கங்கள் நடமாடுவது போலத் தோன்றும்.

ஆனால் அதே ஆய்வின் இரண்டாம் பாதி, குடும்பங்கள் எசெக்ஸில் கட்டிய புதிய அரசுக் குடியிருப்புக்கு மாறிய பிறகு என்ன ஆனது என்பதைச் சொல்கிறது. தோட்டம் கிடைத்தது, தனிக் குளியலறை கிடைத்தது, பேச்சுத் துணை போய்விட்டது. நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. தொடர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டன.

அப்போ இது வெறும் பழங்காலக் கனவுதானா?

வெறும் கனவு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1960-களிலும் 1970-களிலும் வடக்கு நகரங்களில் தெருத்தெருவாக இடித்து, மக்களை அடுக்குமாடிகளுக்கும் புறநகர்களுக்கும் அனுப்பினார்கள். பல வீடுகளில் ஈரச் சுவர், வெளியே கழிப்பறை; இடித்தது முழுத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஆர்ச்சி ஸ்ட்ரீட் போன்ற தெருக்கள் தரைமட்டமாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் கொரோனேஷன் ஸ்ட்ரீட்டைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அடுக்குமாடியின் எட்டாவது மாடியில், பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாமல் இருந்த பெண்ணுக்கு அந்த அரைமணி நேரம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, நல்ல தொழிலாளர் சமூகம் என்றால் அந்தச் செங்கல் தெருதான் என்ற எண்ணம் நிலைபெற்றுவிட்டது. அடுக்குமாடியில், பகுதிநேர வேலையில், பாதுகாவலர் சீருடையில், முதியோர் இல்லத்தின் இரவுப் பணியில் வாழும் இன்றைய உழைப்பாளிகளின் வாழ்க்கைக்கு அந்தச் சட்டகத்தில் இடம் குறைவு.

ஏன் எல்லாப் பெண்களும் இவ்வளவு சத்தம் போடறாங்க? ஆண்கள் சும்மா நிக்கறாங்களே!

எழுதியவர் கேட்டு வளர்ந்தது பெண்களின் பேச்சு. மாலையில் பார்த்தவர்களிலும் பெண்கள் அதிகம். அதையும் தாண்டி ஒரு உண்மை உண்டு. ஆண்களின் உலகம் ஆலைக்குள் இருந்தது. தெருவை நடத்தியவர்கள் பெண்கள். கடன் யாருக்குக் கொடுப்பது, யார் வீட்டில் சாவு, எந்தப் பெண் எங்கே போகிறாள் என்று எல்லாம் அவர்கள் கையில். கொரோனேஷன் ஸ்ட்ரீட்டின் ஈனா ஷார்ப்பிள்ஸ் தலையில் வலை கட்டிக்கொண்டு, பப்பின் சிறு அறையில் இரண்டு தோழிகளோடு உட்கார்ந்து ஊரையே விசாரிப்பார். அவர் ஒரு பிரார்த்தனை மண்டபத்தின் காவலாளி. கையில் காசு கிடையாது, அதிகாரம் உண்டு. எதிர் முனையில் எல்சி டேனர், கணவனைப் பிரிந்து, ஆண்களோடு பழகி, யாருக்கும் தலைகுனியாதவர். இந்த இருவரும் நடுத்தெருவில் நின்று சண்டை போட்டால் நாடே பார்த்தது.

1960-ல் நடுத்தர வயதைத் தாண்டிய ஏழைப் பெண்கள் மையப் பாத்திரங்களாக வாரம் இருமுறை தோன்றியது வேறு எங்கே? சத்தம் இருக்கட்டும். அந்தச் சத்தத்துக்கு இடம் கொடுத்ததற்காகவே இந்தத் தொடர்களை நான் மதிக்கிறேன்.

யூனியன், ஸ்டிரைக் எல்லாம் சீரியல்ல வருமா?

கொஞ்சம் வரும். கொரோனேஷன் ஸ்ட்ரீட்டில் 1976-ல் லண்டனிலிருந்து வந்த மைக் பால்ட்வின் என்பவர் தையல் ஆலை தொடங்குகிறார். ஐவி டில்ஸ்லி அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி. பெண்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து போகும் காட்சிகள் உண்டு. பெரும்பாலும் சீக்கிரம் சமாதானம் ஆகிவிடும். பால்ட்வினும் அந்தப் பெண்களும் மாலையில் ரோவர்ஸில் பக்கத்து மேசைகளில் இருப்பார்கள்.

உண்மையாகத் துணிந்தது புரூக்சைடு என்ற இன்னொரு தொடர். 1982 நவம்பர் 2 அன்று சேனல் 4 என்ற அலைவரிசை பிறந்த நாளிலேயே தொடங்கியது. தயாரித்த ஃபில் ரெட்மண்ட், லிவர்பூலில் புதிதாகக் கட்டிய ஒரு முட்டுச்சந்தின் நிஜ வீடுகளை வாங்கி அங்கேயே படம்பிடித்தார். கதையில் பாபி கிராண்ட் ஆலைத் தொழிற்சங்கப் பிரதிநிதி. அவர் மகன் டேமன், அரசின் இளைஞர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து, முடிந்ததும் நிரந்தர வேலை கிடைக்கும் என்று நம்பி உழைத்து, ஏமாந்து வெளியே நிற்கிறான். தாட்சர் ஆட்சிக் காலத்து லிவர்பூலில் வேலையில்லாத் திண்டாட்டத்தை இதைவிட நேராகச் சொன்ன தொடர் எனக்குத் தெரிந்து இல்லை. எதிர் வீட்டில் வேலை இழந்து பெரிய வீட்டை விற்றுவிட்டு வந்த மேலாளர் குடும்பம். மேலே ஏறுபவரும் கீழே இறங்குபவரும் ஒரே சந்தில்.

பாபியாக நடித்த ரிக்கி டாம்லின்சனின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் கட்டடத் தொழிலாளியாக இருந்தவர். 1972-ல் நடந்த கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒட்டி ஷ்ரூஸ்பரி வழக்கில் 1973-ல் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அந்தத் தீர்ப்பு 2021 மார்ச் மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ரத்தானது. திரையில் அவர் பேசிய கோபத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. புரூக்சைடு 2003-ல் நின்றுபோனது. கடைசி ஆண்டுகளில் அது இந்த வழியை விட்டு வெகுதூரம் போயிருந்தது.

வேலை நடக்கிற இடத்தையே களமாக வச்சு யாரும் முயற்சி பண்ணலையா?

பண்ணினார்கள். கிரனாடாவே 1985-ல் ஆல்பியன் மார்க்கெட் என்ற தொடரைத் தொடங்கியது. முழுக்க ஒரு கூரைச் சந்தையில், கடை போடுபவர்களைச் சுற்றி நடக்கும் கதை. ஒரே ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். பார்வையாளருக்கு வீடும் வாசலும் தேவைப்பட்டது போல.

ஈஸ்ட்எண்டர்ஸ்ல எல்லாரும் துணியைத் தூக்கிக்கிட்டு சலவைக் கடைக்குப் போறாங்களே, வீட்ல வாஷிங் மெஷின் கிடையாதா?

இருக்கும். ஆனால் வாஷிங் மெஷினோடு யாரும் வம்பு பேச முடியாது. பப்புக்கு நான் சொன்ன அதே காரணம்தான். பாலினும் டாட் காட்டனும் அந்தச் சலவைக் கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார்கள். அந்தத் தொடரில் கூலி வேலையைத் தொடர்ந்து காட்டிய அபூர்வமான இடம் அது.

பணக் கஷ்டத்தை நிஜமா காட்டறாங்களா? இல்ல, பேருக்குத்தான் ஏழையா?

தொடக்க ஆண்டுகளில் நன்றாகவே காட்டினார்கள். பாலினின் கணவர் ஆர்தர் ஃபௌலர் கதை தொடங்கும்போதே வேலை இழந்தவர். மாதங்கள் ஓடுகின்றன, வேலை கிடைக்கவில்லை. மகள் கல்யாணம் வருகிறது. 1986-ல், அக்கம்பக்கத்தார் கிறிஸ்துமஸுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து அவரிடம் கொடுத்துவைத்த பணத்தை அவர் எடுத்துவிடுகிறார். நம் ஊரில் தீபாவளிச் சீட்டுப் பணத்தை எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குற்ற உணர்ச்சியில் ஆர்தர் மனம் உடைந்துபோகிறார். வேலை போனால் ஒரு மனிதனின் மரியாதை எப்படிப் படிப்படியாகக் கரைகிறது என்பதைப் பொறுமையாகச் சொன்ன கதை அது. அதே காலத்தில் மேரி என்ற இளம்பெண், எழுதப் படிக்கத் தெரியாதவள், ஒற்றை அறையில் உதவித்தொகையில் கைக்குழந்தையோடு இருந்தாள்.

இப்போதும் கடன், வாடகை எல்லாம் வரும். ஆனால் வந்த வேகத்தில் போய்விடும். கட்டணம் கட்ட முடியாதவர் இரண்டு மாதம் கழித்து ஒரு பப்பில் பங்கு வாங்குவார்! வறுமை நாள்பட்டது, சலிப்பூட்டுவது. திருப்பங்களால் ஓடும் கதைக்கு அது ஒத்துவருவதில்லை.

ஒரே தெருவுல இத்தனை கொலை, தீ விபத்து, டிராம் கவிழ்றது... நம்பற மாதிரியா இருக்கு?

இல்லை. 1960-ல் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம். பிற்காலத்தில் ஐந்து, ஆறு. அலைவரிசைகள் பெருகிப் போட்டி கூடியது. 2010 டிசம்பரில் கொரோனேஷன் ஸ்ட்ரீட் தன் 50-வது ஆண்டைக் கொண்டாடிய விதமே தெருவின்மேல் டிராம் விழுவதுதான். இந்தப் பேரழிவுகளால் உண்மையான இழப்பு என்னவென்றால், சைக்கிள் டியூப் ஒட்டுகிற காட்சிக்கு நேரம் இல்லாமல் போனது.

ஹில்டா ஆக்டன் மாதிரி ஆட்களைப் பார்த்தா ஏழைகளைக் கேலி பண்ற மாதிரி இல்லையா?

கூர்மையான கேள்வி. ஹில்டா ரோவர்ஸில் துப்புரவு வேலை செய்பவர். தலையில் சுருள் உருளைகள், வாயில் ஓயாத வம்பு, சுவரில் மலைக்காட்சிப் படம், அதன்மேல் மூன்று வாத்து பொம்மைகள். கணவர் ஸ்டான் வேலைக்குப் போக அலுத்துக்கொள்பவர். படித்தவர்கள் சிரிக்க எல்லாம் தயாராக இருந்தது; பல ஆண்டுகள் சிரிக்கவும் செய்தார்கள்.

ஸ்டானாக நடித்த பெர்னார்ட் யூவன்ஸ் 1984-ல் இறந்தார். கதையிலும் ஸ்டான் இறக்கிறார். சவ அடக்கம் முடிந்தபின் ஹில்டா தனியாக உட்கார்ந்து, மருத்துவமனையிலிருந்து வந்த அவர் உடைமைகளின் பொட்டலத்தைப் பிரிக்கிறார். கண்ணாடிக் கூடு கைக்கு வருகிறது. அதுவரை அடக்கிவைத்த அழுகை வெடிக்கிறது. ஜீன் அலெக்சாண்டரின் அந்த நடிப்பைப் பார்த்த பிறகு யாரும் ஹில்டாவைக் கேலிச்சித்திரம் என்று சொல்ல முடியாது. 1987 கிறிஸ்துமஸ் அன்று அவர் தெருவைவிட்டுப் போன அத்தியாயத்தை, மறு ஒளிபரப்பையும் சேர்த்து 2 கோடியே 60 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். சிரிக்கவைத்துப் பழக்கி, பிறகு அந்த மனுஷியின் முழு உயரத்தைக் காட்டுவது நல்ல எழுத்து. சிரிப்போடு நிறுத்திக்கொள்வது கேலி. இரண்டையும் இந்தத் தொடர்கள் செய்திருக்கின்றன.

படிச்சு முன்னேறினவங்களை என்ன பண்றாங்க? ஊரைவிட்டு அனுப்பிடுவாங்களா?

பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். தெருவைத் தாண்டி உயர்ந்தவருக்குக் கதையில் வேலை இல்லை. விதிவிலக்கு, முன்பு சொன்ன அதே கென் பார்லோ. பட்டம் வாங்கி, ஆசிரியராகி, உள்ளூர்ப் பத்திரிகை நடத்தி, கடைசிவரை அதே தெருவிலேயே இருக்கிறார். 1960 முதல் அவராக நடித்துவரும் வில்லியம் ரோச் கின்னஸ் சாதனையே படைத்துவிட்டார். படித்தும் ஊரைவிட்டுப் போகாத, ஊரோடு முழுதாக ஒட்டவும் முடியாத மனிதரைப் பற்றிய மிக நீண்ட கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

நம்ம மாதிரி ஆட்களை ஏன் கடைக்காரராகவே காட்டறாங்க?

கொரோனேஷன் ஸ்ட்ரீட் இதில் மிகவும் பின்தங்கியது. 1963-ல் ஒரு கறுப்பினப் பேருந்து நடத்துநருக்கு அநியாயமாக வேலை போகும் கதை வந்தது. ஆனால் அவர் தெருவில் நிலைக்கவில்லை. முனைக் கடை 1999-ல் ஒரு இந்தியக் குடும்பத்தின் கைக்கு வந்தது. முதல் கறுப்பினக் குடும்பம் குடிவந்தது 2019-ல்தான்.

ஈஸ்ட்எண்டர்ஸ் முதல் நாளிலிருந்தே துருக்கிய சைப்ரஸ்காரர், கறுப்பினக் குடும்பம், கடை வைத்த தெற்காசியத் தம்பதி, யூத டாக்டர் எல்லோரையும் வைத்துக்கொண்டது. ஆனாலும் நீங்கள் சொல்வது சரி: தெற்காசியர் என்றால் கடை. 2003-ல் வந்த ஃபெரேரா குடும்பத்தை, எந்த ஊர், எந்தப் பண்பாடு என்றே புரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்று தெற்காசியப் பார்வையாளர்கள் குறை சொன்னார்கள். 2007 முதல் வந்த மசூத் குடும்பம் நல்ல மாற்றம். மசூத் ஒரு தபால்காரர். 1960-ன் ஃபிராங்க் பார்லோவுக்கு நேர் வாரிசு என்றே சொல்லலாம். பிறகு வந்த பனேசர் குடும்பம் மறுபடி கடையும் வாடகை வீடுகளும் வைத்திருப்பவர்கள்.

வால்ஃபோர்டு என்ற பெயர் வால்தம்ஸ்டோவையும் ஸ்ட்ராட்ஃபோர்டையும் இணைத்து உண்டானது. ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஈஸ்ட் ஹாம் கடைத்தெரு, மேனர் பார்க் முருகன் கோயில். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துச் சீட்டுக் கட்டி வீடு வாங்கிய ஈழத்தமிழ்க் குடும்பம் கிழக்கு லண்டனின் தொழிலாளர் கதை இல்லையென்றால் வேறு எது? அந்தக் கதையை எழுத, அதற்குள் வளர்ந்த ஒருவர் எழுத்தாளர் அறைக்குள் இருக்க வேண்டும். வாரன் பெண்டில்பரியிலிருந்து வந்தது போல.

இதனால சமூகத்துல ஏதாவது நல்லது நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. 1991-ல் ஈஸ்ட்எண்டர்ஸின் மார்க் ஃபௌலர் தனக்கு எச்ஐவி இருப்பதைச் சொன்னார். ஆர்தர், பாலின் தம்பதியின் மகன். சந்தையில் பழக்கடை நடத்தியவர். நோய் வந்த பிறகும் பல ஆண்டுகள் அவர் வேலை செய்து, காதலித்து, சண்டை போட்டு வாழ்ந்ததை நாடு பார்த்தது. கொரோனேஷன் ஸ்ட்ரீட்டில் 1998-ல் வந்த ஹேலி ஒரு திருநங்கை, தையல் ஆலைத் தொழிலாளி. காப்பிக் கடை நடத்தும் ராயைக் காதலிக்கிறார். அப்போது சட்டம் அவர்கள் திருமணத்தை ஏற்கவில்லை. சட்டம் மாறியபின் 2010-ல் முறைப்படி மணந்துகொள்கிறார்கள்.

இவர்கள் நகரத்து அறிவாளிகளாக இல்லாமல் தெருவில் வேலை செய்யும் ஆட்களாக இருந்தது முக்கியம். தொழிலாளிகள் குறுகிய மனம் கொண்டவர்கள் என்று மேல்தட்டில் ஒரு எண்ணம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் முதலில் முகம் திருப்பி, பிறகு பழகி, கடைசியில் அவருக்காகச் சண்டைக்குப் போவதைத் தொடர்கள் நிதானமாகக் காட்டின. பல ஆண்டுகள் ஓடும் வடிவத்தால்தான் அது முடியும்.

தமிழ்ல ஏன் இப்படி ஒரு தெரு சீரியல் வரலை?

சாதாரணக் குடும்பங்களைப் பற்றிய வெற்றித் தொடர்கள் நம்மிடம் உண்டு. ஐந்து பெண்களைக் கரையேற்றும் அப்பாவைச் சொன்ன மெட்டி ஒலி 2002 முதல் 2005 வரை எத்தனை வீடுகளைக் கட்டிப்போட்டது! ஆனால் அவற்றின் அலகு குடும்பம்தான். தெருவை அலகாக எடுத்தால், யார் எந்தத் தெருவில் குடியிருக்க முடியும் என்ற சாதிக் கேள்வி முதல் காட்சியிலேயே வந்து நிற்கும். அதைத் தவிர்க்கத்தான் கதை வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். வடசென்னையின் ஒரு குடியிருப்பு வாரியக் கட்டடம், திருப்பூரில் பனியன் தொழிலாளர்களின் ஒரு லைன் வீட்டு வரிசை என்று துணிந்து எடுத்தால் பல்லாண்டு ஓடும் கதை அங்கே கிடக்கிறது.

சரி, இவ்வளவு பழைய சீரியலை எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கறது?

வரிசையாகப் பார்க்க நினைக்காதீர்கள், ஆயுள் போதாது. 1960-ன் முதல் அத்தியாயம், 1984-ல் ஹில்டாவின் கண்ணாடிக் கூடு காட்சி, 1986-ன் ஆர்தர் ஃபௌலர் கதை, புரூக்சைடின் முதல் சில ஆண்டுகள் போதும். திரையில் வசன எழுத்தை (சப்டைட்டில்) போட்டுக்கொள்ளுங்கள். சால்ஃபோர்டு, லிவர்பூல் பேச்சு பழக நாளாகும்.

பேச்சு புரியாது என்று தயங்குபவர்கள் 2008 ஜனவரியில் வந்த ஈஸ்ட்எண்டர்ஸ் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். அரைமணி நேரமும் டாட் காட்டன் ஒருவர் மட்டும்தான். பக்கவாதத்தில் மருத்துவமனையில் கிடக்கும் கணவருக்காக ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்கிறார். டாட்டாக நடித்த ஜூன் பிரவுன் நிறுத்தி நிதானமாகப் பேசுவார், ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.